பிளாஸ்டிக் சர்ஜரி: ரத்தம் எந்த வழியாக வரும் என்ற கேள்வி

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் பலருக்கு நடிகர்களின் மூக்குதான் நினைவுக்கு வருகிறது. உடம்புக்குள் ஏதோ பிளாஸ்டிக் பொருளை வைத்துத் தைத்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். தீக்காயம் பட்டவருக்கு இந்தச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால், "உயிர் பிழைத்ததே போதும், அழகுக்குச் செய்வதெல்லாம் இப்போது எதற்கு?" என்று வீட்டார் தயங்குவதும் உண்டு. அந்தத் தயக்கத்தில் வாரங்கள் ஓடிவிட்டால், ஆழமான காயம் தானாக ஆறும்போது சுருங்கி இறுகும். கழுத்தோ முழங்கையோ விரலோ மடங்கிய நிலையிலேயே நின்றுவிடலாம். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு இது பெரிய விலை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'பிளாஸ்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வனையத்தக்கது, உருக்கொடுக்கத்தக்கது என்று பொருள். 1818இலேயே ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே, மூக்குச் சீரமைப்பு பற்றிய தன் நூலின் தலைப்பில் இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். பேக்கலைட் என்ற முதல் செயற்கை பிளாஸ்டிக் வந்ததோ 1907இல்தான். ஆக, சிகிச்சையின் பெயர் அந்தப் பொருளைவிட மூத்தது.

இந்தத் துறையில் அழகுக்கான அறுவை சிகிச்சை ஒரு கிளை. விபத்து, தீ, புற்றுநோய், பிறவிக் குறை போன்றவற்றால் இழந்ததை மீட்டுத் தரும் சீரமைப்பு அறுவை சிகிச்சை இன்னொரு கிளை. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. இத்துறையின் முன்னேற்றங்களைப் பற்றி வரும் செய்திகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத அதிசயங்கள்போலத் தெரியும். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்: இடம் மாற்றி வைத்த சதைக்கு ரத்தம் எந்த வழியாக வரும்?

## சதை ஏன் செத்துப்போகிறது?

ஒரு செடியின் கிளையை வெட்டி வேறு செடியின் மேல் நூலால் கட்டி வைத்தால் என்ன ஆகும்? எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வாடிவிடும். நீர் வரும் பாதை அறுந்துபோனதுதான் காரணம்.

உடம்பிலும் அப்படித்தான். ஒரே வேலையைச் செய்யும் செல்களின் கூட்டத்தைத் திசு என்கிறோம். தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் திசுக்கள். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் தமனி. திரும்ப எடுத்துச் செல்லும் குழாய் சிரை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைப்பின்னலாக இருப்பவை தந்துகிகள். இந்தத் தந்துகிகளில்தான் ஆக்சிஜன் செல்லுக்குப் போய்ச் சேர்கிறது. தந்துகியிலிருந்து 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் செல்லுக்கு மூச்சு முட்டிவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

இன்னொன்று, ரத்தம் வந்தால் மட்டும் போதாது. வந்த ரத்தம் வெளியேறவும் வேண்டும். வாய்க்கால் இருந்தும் வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகுவதுபோல, சிரை அடைபட்ட திசுவும் அழுகிப்போகும்.

## ஒட்டு: ஈரத்தின் மேல் விரித்த புல்

மிக எளிய முறை தோல் ஒட்டு. தொடையிலிருந்து மெல்லிய தோல் படலத்தைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் விரிப்பார்கள். மருத்துவமனைகளில் இதை 'கிராஃப்ட்' என்பார்கள். இந்தத் தோலுக்கென்று தனி ரத்தக் குழாய் எதையும் இணைப்பதில்லை. அப்படியானால் எப்படிப் பிழைக்கிறது?

புல்தரையை மெல்லிய பாளமாக வெட்டி ஈரமண்ணில் விரித்ததைப் பார்த்திருந்தால் புரியும். முதல் ஓரிரு நாள், ஒட்டுத்தோல் காயத்திலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிரோடு இருக்கிறது. அதற்குள் அடியிலிருக்கும் தந்துகிகள் மேலே வளர்ந்து ஒட்டின் பழைய குழாய்களோடு சேரத் தொடங்குகின்றன. ஐந்தாறு நாளில் ஒட்டு இளஞ்சிவப்பாகும். 'ஒட்டு பிடித்துக்கொண்டது' என்று அப்போதுதான் சொல்வார்கள்.

இதன் எல்லையும் இதற்குள்ளேயே இருக்கிறது. அடியில் ஈரமண் வேண்டும், பாளம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மேலுறை உரிந்து வெறுமையாகத் தெரியும் எலும்பின் மேல் ஒட்டு பிடிக்காது. தடிமனான சதையையும் இப்படி வைக்க முடியாது, உறிஞ்சும் நீர் உள்ளே போய்ச் சேருவதற்குள் நடுப்பகுதி செத்துவிடும்.

## மடல்: பதியன் போடுவதுபோல

செடியிலிருந்து கிளையை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைத்து, அது வேர்விட்ட பிறகு தாய்ச்செடியிலிருந்து பிரிப்பதுதான் பதியன். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியே கிளைக்கு நீர் தருகிறது.

மடல் என்பது இதே உத்தி. பக்கத்துத் தோலையும் கொழுப்பையும் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கம் உடம்போடு ஒட்டியிருக்கும்படி விட்டு, திருப்பிக் காயத்தின் மேல் வைப்பார்கள். அந்த ஒட்டிய பக்கம் வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும். மருத்துவர்கள் இதை 'ஃப்ளாப்' என்பார்கள்.

இதன் வயது வியப்பூட்டும். அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் மீட்கும் முறை, பண்டைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்காக்கும் முறை இந்தியாவில் வழிவழியாக வந்தது. 1794இல் அதைப் பற்றிய கடிதம் ஒன்று லண்டன் பத்திரிகையில் படத்தோடு வெளியானது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் இங்கிலாந்தில் அதைச் செய்து பார்த்தார். நெற்றி மடல் இன்றும் மூக்குச் சீரமைப்பின் முதன்மையான முறைகளில் ஒன்று. பெரிதும் மாறாமல் இத்தனை காலம் நிற்கும் அறுவை சிகிச்சைகள் மிகக் குறைவு.

பதியனுக்கு ஒரு சிக்கல் உண்டு: கிளை எட்டும் தூரத்தில்தான் மண் இருக்க வேண்டும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஹரால்ட் கில்லிஸ் என்ற மருத்துவர் 1917இல் ஒரு வழி கண்டார். மடலைக் குழல்போலச் சுருட்டித் தைத்து, ஒவ்வொரு முனையாகப் பிரித்து நட்டு, படிப்படியாக முகம்வரை நகர்த்தினார். ஒவ்வொரு படிக்கும் வாரக்கணக்கில் காத்திருப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறுவை சிகிச்சை. முழுதாக முடிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகின.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், ஒட்டு அடியிலிருக்கும் படுகையிலிருந்து ரத்தம் தேடிக்கொள்கிறது. மடல் தன் பழைய ரத்த வழியை விடாமல் வருகிறது. முன்னதைத் தடிமனாக வைக்க முடியாது, பின்னதைத் தொலைவுக்குக் கொண்டுபோக முடியாது.

## வேரோடு பெயர்த்து நடுவது

சரி, மரத்தை வேரோடு பெயர்த்து வேறு தோட்டத்தில் நடுகிறோம் அல்லவா? அதையே உடம்பில் செய்ய முடிந்தால்? தொடையிலிருந்து தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் அவற்றுக்கான தமனியோடும் சிரையோடும் எடுத்து, கணுக்காலிலோ முகத்திலோ இருக்கும் தமனியோடும் சிரையோடும் இணைத்துவிட்டால், தூரம் ஒரு பொருட்டே இல்லை. இதுதான் தனி மடல்.

எண்ணம் எளிது. ஆனால் அந்தக் குழாய்கள் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அகலமே இருக்கும். நூடுல்ஸ் இழை அளவுக் குழாயின் வாயை இன்னொன்றின் வாயோடு ஒழுகாமலும் அடைபடாமலும் தைக்க வேண்டும்.

அலெக்சிஸ் கரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1902இல் பெரிய குழாய்களுக்கு ஒரு வழி காட்டியிருந்தார். குழாயின் வாய் வட்டமாக, தொளதொளவென்று மடிந்து கிடக்கும். ஒரு பக்கம் தைக்கும்போது ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டால் வழி மூடிக்கொள்ளும். கரெல் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாகி விரிந்து நின்றது. ஒவ்வொரு பக்கத்தையும் நேர்க்கோட்டில் தைக்க முடிந்தது. 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் வேண்டியிருந்தது கண். 1960இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ஜூலியஸ் ஜேக்கப்சனும் எர்னெஸ்டோ சுவாரெஸும் நுண்ணோக்கியின் கீழே ரத்தக் குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். நுண்ணோக்கியின் துணையோடு மிகச் சிறிய குழாய்களையும் நரம்புகளையும் இணைப்பதுதான் நுண் அறுவை சிகிச்சை. ஹாரி பங்கி என்ற மருத்துவர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டுக் கார் ஷெட்டையே ஆய்வுக்கூடமாக்கி, முயலின் காதை வெட்டி மீண்டும் ஒட்டப் பழகினார். 1965இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும் முழுதாகத் துண்டான கட்டைவிரல் ஒன்றை மீண்டும் பொருத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் தனி மடல்கள் வெற்றி பெற்றன. கில்லிஸ் மாதக்கணக்கில் நகர்த்தியதை ஒரே நாளில் முடிக்க முடியும் என்றானது.

இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் நைலான் நூல் 0.02 மில்லிமீட்டர் அளவு தடிமன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் குழாயைச் சுற்றிலும் ஆறு முதல் எட்டுத் தையல். நுண்ணோக்கியில் பார்த்தால் தன் கையின் இயல்பான நடுக்கமே பூகம்பம்போலத் தெரியுமாம். அதனால் இதில் பயிற்சி எடுப்பவர்கள் முதலில் ரப்பர் தாளிலும் கோழிக்கால் குழாயிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் தைத்துப் பழகுகிறார்கள். இங்கே திறமை என்பது பெரும்பாலும் இந்தப் பொறுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

## முதல் மூன்று நாள்

தைத்து முடித்ததும் கவலை முடிவதில்லை. தையல் போட்ட இடத்தில் ரத்தம் உறையலாம். பெரும்பாலான அடைப்புகள் முதல் இரண்டு மூன்று நாளில்தான் வரும். அதனால் செவிலியர்கள் இரவு பகலாக மடலைக் கவனிக்கிறார்கள். வெளிறிக் குளிர்ந்தால் தமனியில் பிரச்சினை. நீலம்பாரித்து வீங்கினால் சிரையில். உடனே கண்டுபிடித்தால் மறுபடி திறந்து சரிசெய்யலாம். மடல் சிகிச்சை செய்துகொண்டவரை நள்ளிரவில் எழுப்பி டார்ச் அடித்துப் பார்த்தால் எரிச்சல்படாதீர்கள், அந்தப் பார்வைதான் மடலைக் காப்பாற்றுகிறது. அனுபவமுள்ள மையங்களில் இப்போது 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட தனி மடல்கள் பிழைக்கின்றன.

சிரை அடைபட்டு, தைக்கவும் வழியில்லாதபோது அட்டைப்பூச்சியை விடுகிறார்கள். கேட்பதற்குப் பழங்கால வைத்தியம்போல இருக்கும். ஆனால் அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் ரத்தம் கசியும். உடம்பு புதிய சிறு சிரைகளை வளர்த்துக்கொள்ளும்வரை, சில நாட்களுக்கு அதுவே வடிகால். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இதற்கு முறைப்படி அனுமதி கொடுத்தது.

## விரல் துண்டானால்

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தனியாக எழுதுகிறேன். துண்டான விரலை நேரடியாக ஐஸ்கட்டியில் போடக் கூடாது. உறைந்துபோன திசு பிழைக்காது. வெறும் தண்ணீரில் ஊறவைப்பதும் தவறு. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்ற வேண்டும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தை அழுத்திக் கட்டிக்கொண்டு, நுண் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்ப வேண்டும்.

விரலில் தசை கிடையாது. அதனால் குளிர்ச்சியாக வைத்தால் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். முழங்கைக்கு மேல் துண்டானால் கதை வேறு. தசை ரத்தமில்லாமல் சாதாரண வெப்பத்தில் ஏறக்குறைய 6 மணி நேரமே தாங்கும். துண்டான எல்லாவற்றையும் திரும்பப் பொருத்த முடியாது. நசுங்கிப்போன விரலைவிடக் கூராக வெட்டுப்பட்ட விரலுக்கு வாய்ப்பு அதிகம், காரணம் குழாய்களின் வாய் சிதையாமல் இருக்கும்.

## எடுத்த இடத்துக்கு என்ன ஆகும்?

மடலை எங்கிருந்தோ எடுக்க வேண்டுமே, அந்த இடம் என்ன ஆகும்? இதைக் கேட்கத் தொடங்கியதுதான் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் பெரிய மாற்றம் என்பேன்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வயிற்றுச் சதையால் மார்பகத்தை மீட்கும்போது, முன்பு வயிற்றுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். தோலுக்கு வரும் குழாய் அந்தத் தசைக்குள் ஓடுகிறது என்பதால். சில பெண்களுக்கு வயிறு பலவீனமாகிப் பிதுங்கியது.

தோலின் ரத்த வரைபடம் தெளிவானபோது வழி பிறந்தது. 1987இல் இயன் டெய்லரும் ஜான் பாமரும் வெளியிட்ட ஆய்வில், ஆழத்திலிருந்து தோலுக்கு மேலேறி வரும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய்கள் உடம்பில் சராசரியாக 374 என்று எண்ணியிருந்தார்கள். இவை துளைக்குழாய்கள். தசையைத் துளைத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். இரண்டே ஆண்டுகளில், 1989இல், ஜப்பானின் இசாவோ கோஷிமாவும் சோயேடாவும் தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, துளைக்குழாயை மட்டும் நூல்பிரிப்பதுபோலப் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் கொண்டுபோக முடியும் என்று காட்டினார்கள். இன்று சி.டி. ஸ்கேனில் அந்தக் குழாய் எங்கே ஏறுகிறது என்று முன்பே பார்த்துவிடலாம். ஒளிரும் பச்சைச் சாயம் ஒன்றை ரத்தத்தில் செலுத்தி, மடலின் எந்த மூலைக்கு ரத்தம் போகவில்லை என்பதை அறுவை மேசையிலேயே கேமராவில் காணலாம்.

தாடை எலும்புக்கும் இதே கணக்குதான். கீழ்க்காலில் இரண்டு எலும்புகள். உடம்பின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் தடித்த எலும்பு, பக்கத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்க முடியும். வாய்ப் புற்றுநோயில் தாடை இழந்தவருக்கு அந்த எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி மடக்கிப் பொருத்துகிறார்கள். எங்கே, எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதைக் கணினியில் முன்கூட்டியே வரைந்து, அதற்கான அச்சுகளை முப்பரிமாண அச்சில் எடுத்துவிடுகிறார்கள். பிழைத்த எலும்பில் பிறகு பல்லும் பொருத்தலாம்.

ஆக, மைக்ரோஸ்கோப் தூரத்தை வென்றது. துளைக்குழாய் பற்றிய அறிவு, எடுத்த இடத்தின் இழப்பைக் குறைத்தது.

## இன்னும் சிறிதாக

ரத்தத்தைத் தவிர நிணநீர் என்ற தெளிந்த திரவமும் உடம்பில் ஓடுகிறது. புற்றுநோய் சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால், சிலருக்குக் கை யானைக்கால்போல வீங்கிவிடுகிறது. 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர் நிணநீர்க் குழாய்களைப் பக்கத்துச் சிறு சிரையோடு இணைத்து வடிகால் அமைப்பது இப்போது சாத்தியம். கோஷிமாவே இதிலும் முன்னோடி.

மனிதக் கை இங்கே தன் எல்லையைத் தொடுகிறது. அதனால் ரோபோ. அறுவை செய்வது ரோபோ அல்ல, மருத்துவரின் கைதான். கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் கருவி ஒரு மில்லிமீட்டர் நகரும், நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இதை நோயாளிகளிடம் சோதித்த முதல் ஆய்வு 2020இல் வெளியானது. 20 நோயாளிகள்தான். தையல் நிலைத்தது, நேரம் கூடுதலாகப் பிடித்தது. நம்பிக்கையான தொடக்கம், அவ்வளவே.

## நரம்பு மட்டும் ஏன் காக்க வைக்கிறது?

ரத்தக் குழாயைத் தைத்த நொடியில் ரத்தம் ஓடும். நரம்பு அப்படியில்லை. அறுபட்ட நரம்பைத் தைப்பது மின்கம்பியை முறுக்கிச் சேர்ப்பதுபோல என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அறுபட்ட இடத்துக்கு அப்பாலுள்ள இழைகள் செத்துவிடும், வெறும் உறை மிஞ்சும். அந்த உறைக்குள் புது இழை நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். தோளிலிருந்து விரல்வரை என்றால் ஒன்றரை வருடத்துக்கு மேல். ஆனால் நரம்புத் தொடர்பு இல்லாத தசை ஏறக்குறைய அதே காலத்தில் மீளமுடியாதபடி தேய்ந்துவிடும். விரலை ஒட்டிய மறுநாளே அசைக்கச் சொல்லி ஏமாறுகிறவர்கள் இதை அறிந்தால் ஆறுதலாக இருக்கும்.

தூரத்தைச் சுருக்குவதே இங்கே தீர்வு. பக்கத்திலிருக்கும் வேறொரு நரம்பின் உபரி இழைகளைத் திருப்பி, செயலிழந்த தசைக்கு அருகிலேயே இணைத்துவிடுகிறார்கள். இதே யோசனையை அமெரிக்காவில் டாட் குயிக்கனும் கிரெகரி டுமேனியனும் 2002 வாக்கில் கையிழந்தவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். துண்டான கையின் நரம்புகளை மார்புத் தசையில் இணைத்தார்கள். 'கையை மூடு' என்று கையிழந்தவர் நினைத்தால் மார்புத் தசையின் ஒரு பகுதி சுருங்கும், அந்தச் சமிக்ஞையை வாங்கிச் செயற்கைக் கை மூடிக்கொள்ளும்.

## இன்னொருவரின் கை, ஆய்வகத்தின் தோல்

1998இல் பிரான்சின் லியோனில் இறந்தவரின் கையை உயிருள்ளவருக்குப் பொருத்தினார்கள். 2005இல் அதே நாட்டின் அமியானில் முகத்தின் ஒரு பகுதி. இணைக்கும் வித்தை கைவசம் இருந்தது. பெரும் சவால் வேறு: அயல் திசுவை உடம்பு எதிர்க்கும், அதை அடக்க வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்துகள் தொற்றுக்கும் சில புற்றுநோய்களுக்கும் கதவைத் திறந்துவிடும். லியோனில் கை பெற்றவர் மருந்தை நிறுத்திவிட்டதால் 2001இல் அந்தக் கையை அகற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் நம் செல்லிலிருந்தே வளர்த்துக்கொள்ளலாமே? தோலில் இது நடந்துவிட்டது. 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோலின் மேலடுக்குச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கிக் காட்டினார்கள். 2015இல், தொட்டாலே தோல் உரியும் பிறவி நோயுள்ள சிறுவன் ஒருவனுக்கு, அவன் செல்லில் மரபணுப் பிழையைத் திருத்தி வளர்த்த தோலால் ஜெர்மனியில் உடம்பின் 80 சதவீத மேல்தோலை மாற்றினார்கள். 2022இல், காது முழுமையாக உருவாகாமல் பிறந்த ஒருவருக்கு அவருடைய குருத்தெலும்புச் செல்களைக் கொண்டு முப்பரிமாண முறையில் அச்சிட்ட காதைப் பொருத்தியதாக அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது.

ஏன் தோலும் காதும் முதலில் வந்தன? தோலின் மேலடுக்கு மிக மெல்லியது, ஒட்டுபோலப் படுகையிலிருந்து உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். குருத்தெலும்புக்கு இயல்பிலேயே ரத்தக் குழாய் கிடையாது. 'காதை அச்சிட்டார்கள், அடுத்தது முகம்தான்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தசையை அச்சிட்டால் 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அப்பால் அது செத்துவிடும், உள்ளே தந்துகிகள் இல்லையென்றால். அந்தத் தந்துகி வலையை அச்சிடுவதிலும், உடம்புக்குள்ளேயே ஒரு தமனியையும் சிரையையும் வளையமாக இணைத்து அதைச் சுற்றி வளரும் புதுத் திசுவை மடலாக எடுப்பதிலும் இப்போது ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. எந்த வழி கைகூடினாலும், அப்படி வளர்ந்த சதையை நோயாளியின் உடம்பில் பொருத்தும் நாளன்று யாரோ ஒருவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, ஒரு தமனியையும் ஒரு சிரையையும் எட்டெட்டுத் தையலில் இணைக்க வேண்டியிருக்கும்.